நற்செய்தி கேட்காமலே இறந்தவர்கள்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படாமலே இறந்தவர்களுக்கு இரட்சிப்பு உண்டா? ஓய்வுநாள் பள்ளி, மறைக்கல்வி வகுப்பு, அன்பியக் கூட்டம், கேத (துக்க) வீட்டுத் திண்ணை என்று எங்கே உட்கார்ந்தாலும் வந்துவிடும் இதையொட்டிய கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறோம். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி. கத்தோலிக்க வேதாகமத்தில் சொற்கள் வேறாக இருந்தாலும், இங்கே காட்டிய இடங்களில் அதிகாரமும் வசன எண்ணும் அதேதான்.

இந்தக் கேள்வி நம்மூரில் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது?

வேறிடங்களில் இது எங்கோ தீவில் இருக்கிறவனைப் பற்றிய கேள்வி. இங்கே பாட்டாவின் பாட்டாவைப் பற்றியது. கத்தோலிக்கக் குருவான பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்தது 1544இல். லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806இல். தலைமுறைக்கு 25 வருடம் என்று வைத்தால், கடற்கரைக் குடும்பங்களுக்கு ஏறக்குறைய 19 தலைமுறைக்கு முன்னும், உள்நாட்டுச் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைக் குடும்பங்களுக்கு எட்டொன்பது தலைமுறைக்கு முன்னும் கிறிஸ்துவின் பெயர் தெரியாத முன்னோர்கள்தான் இருந்திருப்பார்கள். திருவிதாங்கோட்டில் உள்ள அரைப்பள்ளி என்ற பழைய ஆலயத்தின் மரபு இயேசுவின் சீடர் தோமாவரைக்கும் போகிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டாலும் தோமாவுக்கு முந்தையவர்கள் மிச்சம்.

இன்னொரு காரணமும் உண்டு. பல குடும்பங்களில் ஒரு கிளை வேதத்தில் (கிறிஸ்தவத்தில்) சேர்ந்தது, இன்னொரு கிளை சேரவில்லை. கல்யாணத்துக்கும் கேதத்துக்கும் இரண்டு கிளையும் ஒன்றாகத்தான் நிற்கும். அதனால் கேட்கிறவருக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல.

கேள்வியைச் சரியாகக் கேட்பது எப்படி?

வாக்குவாதம் முடியாமல் இழுபடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நான்கு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்புகிறார்கள். கிறிஸ்துவுக்கு முன் இறந்தவர்கள் ஒரு வகை. அவருக்குப் பின் வாழ்ந்தும் கேள்விப்படாமல் இறந்தவர்கள் இரண்டாவது. புரிந்துகொள்ள வயதோ மனநிலையோ இல்லாமல் இறந்த குழந்தைகள், மனவளர்ச்சி குன்றியவர்கள் மூன்றாவது. கேட்டும் சேராதவர்கள் நான்காவது. ஒன்றுக்குச் சொன்ன பதிலைத் தூக்கி இன்னொன்றில் போட்டால் எந்தச் சபையின் போதனையும் கோணலாகத்தான் தெரியும். யாராவது கேட்டால் முதலில், "யாரை மனசில் வைத்துக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும்.

எல்லாச் சபைகளும் ஒத்துப்போகிற இடம் எது, பிரிகிற இடம் எது?

கிறிஸ்து இல்லாமல் யாருக்கும் இரட்சிப்பு இல்லை என்பதில் கத்தோலிக்கர், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே எல்லாரும் ஒரே பக்கம். "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" (யோவான் 14:6) என்பதை இவர்களில் யாரும் தள்ளிவைப்பதில்லை. நல்லவனாக இருந்தால் போதும், கிறிஸ்து வேண்டாம் என்று இவர்களில் எந்தச் சபையின் அதிகாரபூர்வப் போதனையும் சொல்லவில்லை.

பிரிவது அடுத்த படியில். கிறிஸ்துவின் பலியால்தான் ஒருவன் பிழைக்கிறான், சரி. அந்தப் பலியைப் பற்றி அவன் கேள்விப்பட்டு, பெயர் தெரிந்து, வாயால் அறிக்கை செய்திருக்க வேண்டுமா? காய்ச்சலில் நினைவிழந்து கிடக்கிறவனுக்கு ஊசி போட்டால் மருந்தின் பெயர் தெரியாமலே பிழைக்கிறான் என்பார்கள் ஒரு பக்கத்தார். விசுவாசம் ஊசி அல்ல, அது ஒருவர்மேல் வைக்கும் நம்பிக்கை, ஆள் தெரியாமல் நம்ப முடியாது என்பார்கள் மறுபக்கத்தார். உவமை இரண்டு பக்கமும் ஓரளவுக்குத்தான் ஓடும். ஆனால் பிளவு எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட இது போதும்.

"கட்டாயம் கேட்டிருக்க வேண்டும்" என்பவர்களின் ஆதாரம் என்ன?

முதல் ஆதாரம் ரோமர் 10. "அவரைக்குறித்துக் கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள்? பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" என்று 14ஆம் வசனம் கேட்கிறது. "விசுவாசம் கேள்வியினாலே வரும்" என்று 17ஆம் வசனம் முடிக்கிறது. அதோடு அப்போஸ்தலர் 4:12, "வேறொரு நாமம் கட்டளையிடப்படவும் இல்லை". ரோமர் 1:20இன்படி படைப்பைப் பார்த்தே தேவனை அறியலாம், அதனால் "போக்குச்சொல்ல இடமில்லை". படைப்பின் வெளிச்சம் குற்றவாளி என்று காட்டப் போதும், இரட்சிக்கப் போதாது என்பது இவர்கள் வாதம். 1974இல் சுவிசேஷ சபையார் கூடிய லோசான் மாநாட்டு உடன்படிக்கையின் 3ஆம் பகுதி இதைத்தான் சொல்கிறது: இயற்கையின் வழியே எல்லாருக்கும் தேவனைப் பற்றிச் சிறிது தெரியும், ஆனால் அந்த அறிவு இரட்சிக்கும் என்பதை மறுக்கிறோம் என்று. நம் மாவட்டத்துப் பெந்தெகொஸ்தே, சுவிசேஷ ஊழியங்கள் பெரும்பாலும் இந்த நிலைதான்.

இதில் அடிக்கடி நேரும் தவறு, வசனத்தைப் பாதியில் வெட்டுவது. ரோமர் 10:17 வரை வாசித்துவிட்டு 18ஐ விட்டுவிடுவார்கள். "அவர்கள் கேள்விப்படவில்லையா என்று கேட்கிறேன், கேள்விப்பட்டார்களே" என்று பவுல் அங்கே 19ஆம் சங்கீதத்தை எடுக்கிறார். அந்தச் சங்கீதமோ வானங்கள் தேவமகிமையை வெளிப்படுத்துவதைப் பற்றியது. பவுல் இங்கே பேசுவது இஸ்ரவேலரைப் பற்றி என்பவர்களும் உண்டு, படைப்பின் சத்தத்தையும் சேர்த்துத்தான் என்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் 18ஐ வாசிக்காமல் 17ஐ வைத்து வாதிடுவது சரியல்ல. அதேபோல அப்போஸ்தலர் 4:12ஐப் பேதுரு சொன்னது, கேட்டும் தள்ளிய ஆலோசனைச் சங்கத்தாரிடம். கேட்கவே கேட்காதவனைப் பற்றிய கேள்வி அந்த இடத்தில் எழவில்லை.

எதிர்ப்பக்கத்தார் எதைக் காட்டுகிறார்கள்?

பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேலுக்கு வெளியே நிற்கிறவர்களை. மெல்கிசேதேக்கு உன்னதமான தேவனுடைய ஆசாரியன், ஆபிரகாமுக்கே ஆசீர்வாதம் கொடுத்தவன். நாகமான் சீரியாக்காரன். எல்லாரையும்விட யோபு: ஊத்ஸ் தேசத்தான், நியாயப்பிரமாணமும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை, ஆனாலும் "உத்தமன்" என்று தேவனே சொன்னார்.

நம் மாவட்டத்துக்கு யோபு அந்நியர் அல்ல. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், துயரத்தில் இருந்த நட்டாலம் நீலகண்டப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்ன கதை யோபுவின் கதைதான். நீலகண்டப் பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரைக் கிறிஸ்துவண்டை கொண்டுவந்த கதையின் நாயகன் கிறிஸ்துவின் பெயரைக் கேள்விப்படாத ஒரு புறஜாதியான். காற்றாடிமலைக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

புதிய ஏற்பாட்டில் இவர்கள் காட்டுவது ரோமர் 2:14–16. நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயத்தில் அதற்கேற்ற கிரியை எழுதியிருக்கிறது. "குற்றமுண்டு குற்றமில்லையென்று அவர்களுடைய சிந்தனைகள் ஒன்றையொன்று தீர்க்கிற"து. "குற்றமில்லை" என்ற சொல்லும் அங்கே இருப்பதால், மனச்சாட்சியின் தீர்ப்பு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும் என்று சொல்ல முடியாது என்பது வாதம். 2ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தீன், வார்த்தையானவரின் (கிறிஸ்துவின்) விதை கிறிஸ்துவுக்கு முந்தைய சாக்ரட்டீஸ் போன்றோரிடமும் இருந்தது என்றார். சீர்திருத்தக்காரரான சுவிங்கிலி பரலோகத்தில் சாக்ரட்டீஸைப் பார்க்கலாம் என்று எழுதியது லூத்தருக்குப் பெரும் எரிச்சலைக் கொடுத்தது.

கொர்நேலியு யார் பக்கம்?

இந்த ரோம நூற்றுக்கதிபதியை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும். அப்போஸ்தலர் 10:35இல் "எந்த ஜனத்திலாயினும் அவருக்குப் பயந்திருந்து நீதியைச் செய்கிறவன் எவனோ அவனே அவருக்கு உகந்தவன்" என்று பேதுரு சொல்கிறார். கொர்நேலியுவின் ஜெபமும் தருமமும் ஏற்கனவே தேவசந்நிதியில் எட்டியிருந்தன. ஆனால் 11:14ஐயும் வாசிக்க வேண்டும்: "நீயும் உன் வீட்டாரனைவரும் இரட்சிக்கப்படுவதற்கேதுவான வார்த்தைகளை அவன் உனக்குச் சொல்லுவான்." உகந்தவனாக இருந்தவனுக்கும் வார்த்தை தேவைப்பட்டது. எங்கள் கருத்தில், இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்து வாசிக்காத எந்தப் பிரசங்கமும் கொர்நேலியுவைப் பாதிதான் காட்டுகிறது.

தேடுகிறவனுக்குத் தேவன் எப்படியாவது வார்த்தையை அனுப்புவார் என்ற கருத்துக்கு இந்த அதிகாரமே அடிப்படை. காட்டில் வளர்ந்த ஒருவன் மனச்சாட்சியின்படி நடந்தால், தேவன் உள்ளத்தில் வெளிப்படுத்துவார், அல்லது கொர்நேலியுவிடம் பேதுருவை அனுப்பியதுபோல ஒரு போதகரை அனுப்புவார் என்றார் இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினா. மயிலாடி மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போய், தஞ்சாவூரில் நற்செய்தி கேட்டு வேதமாணிக்கமாகத் திரும்பியதை இதற்குச் சாட்சியாகச் சொல்வார்கள். நல்ல சாட்சிதான். ஆனால் அதே யாத்திரையை அதே மனசோடு போய், எதையும் கேட்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர்? கேள்வி அவர்களைப் பற்றியது. ஒரு மகாராசனைக் காட்டி அவர்களை மூடி மறைக்கக் கூடாது.

"திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை" என்ற கத்தோலிக்கர் பிறகு மாற்றிக்கொண்டார்களா?

சொற்றொடர் 3ஆம் நூற்றாண்டு ஆயர் சிப்பிரியானுடையது. அவர் குறிவைத்தது சபையை உடைத்துக்கொண்டு போனவர்களை. பின்னால் அது விரிந்தது. 1442இல் ஃபுளோரன்ஸ் சங்கம் புறமதத்தாரையும் யூதரையும் சேர்த்து மிகக் கடுமையாக எழுதியது. அன்றைய ஐரோப்பாவில், நற்செய்தி உலகமெல்லாம் போய்விட்டது, இன்னும் வெளியே நிற்கிறவன் வேண்டுமென்றே நிற்கிறான் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 50 வருடத்தில் அமெரிக்கக் கண்டம் தெரியவந்ததும் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

1863இல் போப்பாண்டவர் 9ஆம் பத்திநாதர், தன் குற்றமில்லாமல் அறியாதவர்களைப் பற்றி வேறுபடுத்திச் சொன்னார். 1949இல் விசுவாசப் போதனையைக் கண்காணிக்கும் ரோமின் திருப்பேராயம், இந்தச் சொற்றொடரைக் கண்மூடித்தனமாகக் கடுமையாக்கிய அமெரிக்கக் குரு ஃபீனியின் விளக்கத்தை ஏற்கவில்லை. தொடர்ந்து கீழ்ப்படியாததால் 1953இல் அவர் சபைநீக்கமே ஆனார். கடுமையான பக்கம் நின்று கீழ்ப்படிய மறுத்து ஒருவர் வெளியே போனார் என்பது பலருக்குத் தெரியாத விஷயம்.

1964இன் இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடான திருச்சபை பற்றிய கோட்பாட்டின் 16ஆம் எண் இன்றைய நிலை. அதை "எல்லா மதமும் ஒன்றுதான்" என்று மேடையில் சுருக்குகிறார்கள், அது தவறு. நிபந்தனைகளை எண்ணிப் பாருங்கள்: தன் குற்றமில்லாமல் அறியாதிருக்க வேண்டும், நேர்மையான மனதோடு கடவுளைத் தேட வேண்டும், மனச்சாட்சி காட்டும் அவருடைய சித்தத்தை அருளின் தூண்டுதலால் செய்ய முயல வேண்டும். இத்தனையும் இருந்தால் மீட்பு "அடைய முடியும்" என்கிறது. அடைந்துவிட்டார்கள் என்று சொல்லவில்லை. அதே எண்ணின் கடைசியில், மனிதர் பலமுறை தீயவனால் ஏமாற்றப்படுகிறார்கள், ஆகவே மறைப்பணி தேவை என்றும் இருக்கிறது. 14ஆம் எண்ணோ, திருச்சபை தேவை என்று தெரிந்தும் சேர மறுப்பவர் மீட்படைய முடியாது என்கிறது. மூன்றையும் சேர்த்து வாசியுங்கள்.

சிஎஸ்ஐ சபையின் நிலை என்ன? லுத்தரன் சபை?

சிஎஸ்ஐ 1947 செப்டம்பர் 27இல் பல மரபுகள் சேர்ந்து உருவானது. அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களை அது ஏற்கிறது. அந்த இரண்டிலும் இந்தக் கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை. நம் பேராயம் வளர்ந்தது லண்டன் மிஷனின் வேரிலிருந்து. எந்த ஒரு சபைமுறையையும் திணிப்பதில்லை என்பது அந்த மிஷனின் அடிப்படைக் கொள்கை. ஆகவே ஒரே பேராயத்து ஐயர்மார் (போதகர்கள்) இரண்டு பேர் இரண்டு விதமாகப் பிரசங்கித்தாலும், யாரும் சபைப் போதனையை மீறிவிடவில்லை. லுத்தரன் சபை வார்த்தையும் சாக்கிரமெந்துமே (ஞானஸ்நானம், நற்கருணை) கிருபையின் வழிகள் என்று அழுத்திப் பேசும். அதற்கு அப்பால் தேவன் என்ன செய்வார் என்று ஊகிப்பதை விரும்பாது.

இறந்தபின் ஒரு வாய்ப்பு உண்டா?

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் "பாதாளத்தில் இறங்கினார்" என்று சொல்கிறோமே, அதுதான் இதன் கதவு. 1 பேதுரு 3:19 "காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார்" என்கிறது. 4:6 மரித்தோருக்கும் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது என்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் உயிர்ப்புப் படத்தில் கிறிஸ்து ஆதாமையும் ஏவாளையும் கையைப் பிடித்துக் கல்லறையிலிருந்து தூக்குவார். கிறிஸ்துவுக்கு முன் இறந்தவர்களுக்கு இது பதில் என்று பலரும் ஏற்பார்கள். அவருக்குப் பின் இறந்தவர்களுக்கும் நீட்டலாமா என்பதில்தான் சண்டை. எபிரெயர் 9:27 ("ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்") தடுக்கிறது என்பது பெரும்பான்மை. தவிர, 1 பேதுரு 3:20 அந்த ஆவிகளை நோவாவின் நாள்களில் கீழ்ப்படியாதவர்கள் என்று குறிப்பிடுகிறது. கேட்காத எல்லாரையும் அந்த வசனத்தில் ஏற்றுவது கஷ்டம்.

கேட்டிருந்தால் ஏற்றிருப்பார்கள் என்று தேவனுக்குத் தெரியுமே, அது போதாதா?

16ஆம் நூற்றாண்டு இயேசு சபைக் குரு மொலினாவின் சிந்தனையை வைத்துப் பின்னால் வந்தவர்கள் கட்டிய வாதம் இது. மத்தேயு 11:21 இதற்கு உதவுவதுபோல இருக்கும்: கோராசினில் நடந்த பலத்த செய்கைகள் தீருவிலும் சீதோனிலும் நடந்திருந்தால் அவர்கள் மனந்திரும்பியிருப்பார்கள் என்கிறார் இயேசு. ஆனால் அடுத்த வசனத்தைப் பாருங்கள். அதனால் தீரு தப்பித்தது என்று சொல்லவில்லை. தீருவுக்கு நேரிடுவது "இலகுவாயிருக்கும்" என்கிறார். லூக்கா 12:48இலும் அறியாமல் தவறு செய்தவனுக்குச் "சில அடிகள்". அறிந்த அளவுக்குத்தான் கணக்கு என்பது இந்த இரண்டு இடத்திலும் தெளிவு. அதற்குமேல் கட்டுவது ஊகம்.

சவேரியாரே முன்னோர்கள் நரகத்தில் என்று சொன்னாராமே?

ஆம், மறைக்க வேண்டியதில்லை. ஜப்பானிலிருந்து திரும்பி 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார்: புதிதாகச் சேர்ந்தவர்கள் இறந்துபோன தாய் தகப்பனுக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றேன், அழுதார்கள், எனக்கும் வேதனையாயிருந்தது என்று. அவர் பேசியது தன் காலத்து இறையியல். இன்று கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போகிற கத்தோலிக்கர் ஒருவருக்குத் தன் சபை அந்தப் பதிலை அப்படியே சொல்வதில்லை. புனிதர் என்றால் எல்லாக் கருத்திலும் பிழையற்றவர் என்று பொருளல்ல. அந்தக் கடிதத்தில் எங்களைத் தொடுவது பதில் அல்ல, அழுகையை மறைக்காமல் எழுதியது.

கேட்காதவனும் பிழைக்கலாம் என்றால் ஊழியம் எதற்கு? சொல்லாமல் விட்டால் நல்லதல்லவா?

இது கூர்மையான கேள்வி. கேட்காதவன் எல்லாரும் தானாகப் பிழைத்துவிடுவான் என்று சொன்னால் மட்டுமே இந்தத் தர்க்கம் நிற்கும். மேலே பார்த்த எந்தச் சபையும் அப்படிச் சொல்லவில்லை. இன்னொன்று, ஊழியம் நரகத்திலிருந்து இழுப்பது மட்டுமல்ல. பேதுரு கொர்நேலியு வீட்டுக்குப் போனதன் பலன், பரிசுத்த ஆவி இறங்கியதும் யூதனும் ரோமனும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததும். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கொர்நேலியு இழந்தது கொஞ்சமல்ல.

நம் மாவட்டத்தில் "கேட்காதவர்" என்று யாராவது இருக்கிறார்களா?

ஒலிபெருக்கியில் பெயரைக் கேட்பதைக் "கேட்டது" என்று வைத்தால் யாரும் இல்லை. ஆனால் பெயரைக் கேட்பது வேறு, நற்செய்தி புரியும்படி கேட்பது வேறு. பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவன் சாதி பார்த்துப் பெண் எடுப்பதையும் கமிட்டித் தேர்தலில் அடித்துக்கொள்வதையும் மட்டும் 40 வருடம் பார்த்தவர் எதைக் கேட்டார்? கடவுளை மறுப்போர் உருவாவதில் விசுவாசிகளுக்கும் பங்கு இருக்கலாம் என்று வத்திக்கான் சங்கமே இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 19ஆம் எண்ணில் ஒப்புக்கொள்கிறது.

கேத வீட்டில் என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

கூடாதது இரண்டு. "நரகத்துக்குத்தான் போயிருப்பார்", "கண்டிப்பாகப் பரலோகத்தில்தான் இருக்கிறார்". இரண்டுமே தனியாள்மேல் தீர்ப்பு. மிகக் கடுமையான நிலையில் இருப்பவரும் பொதுப் போதனையைச் சொல்லலாமே தவிர, பெட்டியில் கிடக்கிறவரின் கடைசி மூச்சில் நடந்தது அவருக்குத் தெரியாது. ஆபிரகாமின் கேள்வியைச் சொல்லலாம்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" (ஆதியாகமம் 18:25). அதற்குமேல் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். விளக்கம் கேட்டால் ஒரு மாதம் கழித்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம்: "இயேசு இல்லாமல் யாரும் பரலோகம் போக முடியாது. உங்கள் பாட்டாவை அவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும்." ஓய்வுநாள் பள்ளியில் இது போதும், 10 வயதுக்குள் நரகப் படம் காட்டி விளக்கவே வேண்டாம்.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தை?

சீர்திருத்த சபைகளில் தாவீதின் சொல்லை எடுப்பார்கள்: "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" (2 சாமுவேல் 12:23). கத்தோலிக்கத்தில் "லிம்போ" (ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் மோட்சமும் நரகமும் இல்லாத நிலையில் இருப்பார்கள் என்ற கருத்து) என்பது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. 2007இல் வெளியான பன்னாட்டு இறையியல் குழுவின் ஏடு, அத்தகைய குழந்தைகள் மீட்படைவர் என்று நம்பக் காரணம் உண்டு என்றது. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறையில் அடக்கம் செய்யலாம் (திருச்சபைச் சட்டம் 1183). குழந்தை ஆபத்தான நிலையில் இருந்தால் யாரும் கொடுக்கலாம்: வெறும் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஊற்றுகிறவரும் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். பதற்றத்தில் ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொல்வதுதான் அதிகம் நடக்கும் பிழை. இறந்தபின் கொடுப்பதில்லை.

இந்துவாக இறந்த பாட்டாவுக்குப் பூசை (திருப்பலி) வைக்கலாமா?

கத்தோலிக்கத்தில் வைக்கலாம். திருச்சபைச் சட்டம் 901இன்படி, உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். சீர்திருத்த சபைகளில் இறந்தவருக்காக ஜெபிக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. அவர் வாழ்வுக்காக நன்றி சொல்லி, குடும்பத்துக்கு ஆறுதல் கேட்டு ஜெபிக்கலாம். பூசைக்குக் கருத்துக் கொடுக்கும்போது, பெயரை ஆலயத்தில் வாசிப்பதைக் குடும்பத்தின் இந்துக் கிளை விரும்புமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். விரும்பாவிட்டால் "முன்னோர்களுக்காக" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்.